கரடிக்கூடு மேட்டில் இல்லாத முள்

உலர வைத்த செடிக் கட்டிலிருந்து செய்தித்தாளை உருவி முதலில் கன்னத்தில் ஒற்றிப் பார்க்கிறார் ஆரோக்கியம்மாள். ஈரம் கைக்குத் தெரியாதாம், கன்னத்துக்குத்தான் தெரியுமாம். பிறகு மூக்குக்குக் கொண்டுபோகிறார். பூசணம் கண்ணில் படுவதற்கு ஒரு நாள் முன்னாலேயே வாடை காட்டிவிடும் என்கிறார். இரண்டிலும் தேறிய தாள் வலது பக்கம், தேறாதது இடது பக்கம். அதற்குள் கிடக்கிற செடிக்கொப்பை உள்ளங்கையில் ஏந்திப் புதுத்தாளுக்கு மாற்றுகிறார். ஒரு இலை மடங்கியிருந்தால் விரல் நுனியால் நீவிவிடுகிறார். நாற்பது கொப்பும் முடிகிறவரை நிமிர்வதில்லை. கூப்பிட்டால் 'ம்' என்பார். அந்த 'ம்'முக்கு 'பிறகு வா' என்று அர்த்தம் என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று.

கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள ஒரு கல்லூரி அது. பெயர் வேண்டாம். "எழுதுனா எழுது தம்பி, காலேஜு பேர மட்டும் போட்றாத" என்று அக்கா சொல்லிவிட்டார். தாவரவியல் துறையின் கடைசி அறையில் பன்னிரண்டு இரும்பு அலமாரிகள். உள்ளே பத்தாயிரத்துக்கு மேல் உலர்ந்த செடிகள். ஒவ்வொன்றும் ஒரு தடித்த வெள்ளைத் தாளில் நூலால் தைக்கப்பட்டிருக்கிறது. கீழ் மூலையில் ஒரு சீட்டு: செடியின் பெயர், எடுத்த இடம், தேதி, எடுத்தவர். வாத்தியார்கள் அந்த அறையை ஹெர்பேரியம் என்கிறார்கள். அக்காவுக்கு அது 'செடி ரூமு'. முப்பது வருடமாக அங்கே உதவியாளர் அவர்தான். வருகிற மே மாதம் ஓய்வு.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், பூச்சி அரிக்காமல் இருக்கச் செடியை விஷ மருந்தில் முக்கி எடுப்பார்களாம். கையுறை கொடுத்திருக்கிறார்கள். கையுறை மாட்டினால் இலை மடிப்பு தட்டுப்படவில்லை என்று கழற்றிப் போட்டுவிட்டார். இப்போது வலது கை விரல் மூன்றில் நகம் மேடும் பள்ளமுமாகத்தான் முளைக்கிறது. அன்றிலிருந்து சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுகிறார். கல்யாணப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்து இடுப்புப் பையிலிருந்து கரண்டியை எடுக்கும்போது, "துரைசாணி வந்துருக்காக, தள்ளி உக்காருங்கப்பா" என்று சொந்தக்காரர்கள் சீண்டுவார்கள். அவர் அதற்கும் ஒரு 'ம்' சொல்லிவிட்டுச் சாப்பிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் உழவர் சந்தைக்கு இரண்டு பையோடு போகிறார். கத்திரிக்காய், தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் ஒரு பையில். பாகல், புடலை, பூசணி இன்னொன்றில். எடை போடுகிற அம்மா மாற்றிப் போட்டுவிட்டால் திரும்ப எடுத்துச் சரியான பைக்கு மாற்றுகிறார். ஏன் என்று நான் ஒரு முறை கேட்டேன். "அவுகவுக சொந்தக்காரகளோட வரட்டுமே" என்றார். கத்திரிக்கும் உருளைக்கும் சொந்தம் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். ஆறாவதோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் தீர்ந்தது. செடியில் நான் கண்ட வகை இரண்டு: மாடு தின்பது, மாடு தின்னாதது. கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தவனை இந்த அறைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தது நாகஜோதி என்ற ஆராய்ச்சிப் பெண். கோயம்புத்தூர்க்காரி, இருபத்தெட்டு வயது இருக்கும். ஒரே ஒரு முள்செடியைத் தேடிக்கொண்டு வந்தாள். மலைக்கு என் வண்டி. மலையிலிருந்து இறங்கினால் இந்த அறை. நான் வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

அந்தச் செடிக்குப் பெயர் ஊசிக்களா. சீட்டில் பெர்பெரிஸ் டிங்க்டோரியா என்று இருக்கிறது. நாகஜோதி போனில் படம் காட்டினாள். ஆள் உயரப் புதர், கணுவுக்குக் கணு மூன்று கிளை பிரிந்த முள், கொத்தாகத் தொங்குகிற மஞ்சள் பூ, சாம்பல் பூத்த கருநீலப் பழம். பட்டையைக் கீறினால் உள்ளே அப்பின மஞ்சள். துணிக்குச் சாயம் ஏற்ற உதவும் என்பதால்தான் டிங்க்டோரியா என்று பெயராம். கீழே வெயிலில் வாழாது. பனியும் குளிரும் அடிக்கிற உயர்ந்த மலைதான் அதற்கு வேண்டும். நீலகிரியில் உண்டு, கொடைக்கானல் பக்கத்தில் உண்டு. இமயமலையில் இருக்கிற ஒரு செடியும் இதுவும் ஒன்றுதான் என்று ஒரு காலத்தில் எழுதி வைத்தார்களாம். பிறகு இல்லை, இது தனி என்று பிரித்தார்களாம்.

இந்த மாதிரி விவகாரம் எல்லாம் ஆரோக்கியம்மாள் அக்காவுக்கு அத்துப்படி. "இவுகளுக்கு நம்ம மலையில ஒரே ஒரு பங்காளிதான் தம்பி, மஹோனியான்னு பேரு. அதையும் இதையும் செல பேரு ஒரே வீடுங்கிறாக. செல பேரு நடுவுல சுவரு வச்சுட்டாக. எந்த அலமாரியில வைக்கிறதுன்னு நாந்தேன் ரெண்டு தடவ தூக்கி அலைஞ்சேன்" என்றார். எங்கள் ஊர்ப் பங்காளிச் சண்டையையே தாசில்தார் வந்தும் தீர்க்க முடியவில்லை. செடிக்கும் அதுதான் கதி போலிருக்கிறது.

நாகஜோதியின் வேலை, தென்னாட்டு மலைகளில் ஊசிக்களா எங்கெங்கே தானாக முளைக்கிறது என்று படம் போடுவது. கண்ட இடத்துக்கு ஒரு புள்ளி. நீலகிரியில் புள்ளிகள் கொத்தாகக் கிடந்தன, கொடைக்கானலில் கொத்தாகக் கிடந்தன. அந்த இரண்டு கொத்துக்கும் சேராமல், வருசநாட்டு மலையில் கரடிக்கூடு மேடு என்கிற இடத்தில் ஒற்றைப் புள்ளி ஒன்று இருந்தது. இந்த அறையில் இருக்கிற ஒரே ஒரு தாள்தான் அந்தப் புள்ளிக்குச் சாட்சி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு ஐப்பசியில், பாண்டியராஜன் என்கிற பேராசிரியர் எடுத்ததாகச் சீட்டு சொல்கிறது. கூட்டத்தை விட்டு இவ்வளவு தூரம் தனியாக நிற்கிற செடி வேறு இனமாகவே மாறியிருக்கலாம், உயிரோடு ஒரு கொப்பு கிடைத்தால் போதும் என்று அந்தப் பெண் துடித்தாள்.

மூன்று முறை போனோம். வருசநாடு தாண்டி மலையடிவாரக் குடியிருப்பு வரைக்கும் வண்டி. அதற்கு மேலே மூன்று மணி நேர ஏற்றம். முதல் தடவை போனபோது அந்தக் குடியிருப்பில் ஒரு கிழவரிடம் படத்தைக் காட்டினோம். அவர் படத்தை முழுசாகப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கு ஒரு செடியும் தெரியாது தாயி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மேட்டில் புல் இருந்தது, ஈஞ்சிப் புதர் இருந்தது, மலைமாடுகள் படுத்திருந்தன. ஊசிக்களா இல்லை. இரண்டாம் தடவை ஓடை ஓடையாகத் தேடினோம். மூன்றாம் தடவை அட்டைக்கடி வாங்கிக்கொண்டு மறு சரிவு வரை இறங்கினோம். இல்லை.

மூன்றாவது முறை இறங்கி வந்த மறுநாள் காலை நாகஜோதி மடிக்கணினியைத் திறந்து, எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினாள். கரடிக்கூடு மேட்டில் ஊசிக்களா முன்பு இருந்தது, இப்போது இல்லை, மாட்டு மேய்ச்சலாலும் புல்லுக்குத் தீ வைப்பதாலும் அழிந்துபோயிருக்க வேண்டும். இதில் ஒரு படி வனத்துறைக்குப் போகும் என்றாள். அவர்கள் மேட்டை அடைத்து வேலி போட்டு, கொடைக்கானல் கன்றைக் கொண்டுவந்து நடுவார்கள் என்று நல்ல செய்தியாகத்தான் சொன்னாள். அந்தக் குடியிருப்பில் முந்நூறு மாடாவது இருக்கும். கோடையில் அந்த மேட்டை விட்டால் அவற்றுக்குப் போக்கிடம் கிடையாது.  படித்தவர்கள் கண்டுபிடித்ததில் நான் என்ன சொல்ல?

அக்கா தாள் மாற்றிக்கொண்டிருந்தார். செடிக் கட்டின் பாதியில் கை நின்றுபோனது. அந்தக் கை அப்படி நடுவில் நின்று நான் பார்த்ததில்லை.

"அங்கன அது இருந்ததே இல்ல பாப்பா."

நாகஜோதி சிரித்தாள். "சீட்டு இருக்குதேங்க்கா. சாரே எழுதியிருக்கார்."

"அந்தக் கொப்புல நம்பரக் கட்டுனது நானு."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைக் கோர்வையாக நான் சொல்கிறேன். அவர் அன்றைக்குக் கோர்வையாகச் சொல்லவில்லை.

காட்டில் கொப்பை வெட்டியதும் நூல் கட்டிய சிறு அட்டை ஒன்றை அதில் மாட்டுவார்கள். அட்டையில் ஒரு எண். அதே எண்ணை நோட்டில் எழுதி, பக்கத்தில் இடம், உயரம், பூ நிறம் எல்லாம் குறிப்பார்கள். செடியை அறையில் வைத்துப் பார்க்கிறவருக்கு அந்த எண்தான் எல்லாம். தொண்ணூற்றாறில் பேராசிரியர் முதல் வாரம் கொடைக்கானல் போனார், மறு வாரம் கரடிக்கூடு மேடு போனார். இரண்டு கட்டும் அக்காவிடம் வந்தன. அவருக்கு அப்போது முப்பத்தோரு வயது, நிரந்தரம் ஆகாத வேலை. தினம் தாள் மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் இரண்டு வேளை மாற்ற வேண்டும். சொந்த ஊர்க் கோயிலில் தேர்த் திருவிழா. கணவர் வீட்டார் வந்து நிற்கிறார்கள். ஒரு நாள் என்று போனவர் மூன்று நாள் தங்கிவிட்டார். அந்த மூன்று நாளும் அடைமழை.

திரும்பி வந்து கட்டைப் பிரித்தால் கரடிக்கூடு மேட்டுக் கொப்பு ஒன்று பூசணம் பிடித்துக் கன்னங்கரேலென்று குழைந்து கிடக்கிறது. ஏதோ ஒரு முள் புதர், மாணவர்கள் வெட்டிக் கட்டியது, பேராசிரியர் அதைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. தொட்டால் இலை உதிர்கிறது. இதைக் காட்டினால் நாளையிலிருந்து வேலை இல்லை என்று பயம். கொடைக்கானல் கட்டில் ஊசிக்களா ஒரே எண்ணில் ஐந்து கொப்பு இருந்தது. வேறு கல்லூரிகளுக்கு அனுப்ப ஐந்தாறு எடுப்பது வழக்கம். அதில் ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கெட்டுப்போனதை வீட்டு அடுப்பில் போட்டார். அதன் எண் அட்டையை அவிழ்த்து ஊசிக்களாவில் கட்டினார். நோட்டைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்களே என்றால், அந்தப் பக்கமும் காட்டு மழையில் நனைந்து, எண்ணும் இடமும் தேதியும் தவிர எல்லாம் கரைந்து போயிருந்தது.

"முள்ளுக்கு முள்ளுன்னு வச்சுட்டேன் பாப்பா. அப்ப எனக்கு அம்புட்டுத்தேன் தெரியும்."

நாகஜோதி கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. மடிக்கணினியை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டாள். ஒன்றரை வருட வேலை அதற்குள் இருந்தது. "மொதல் தடவை வந்தப்பவே சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள்.

"சொல்லத்தேன் வந்தேன். மொத நாளு ஒனக்கு டீ வாங்கிட்டு வந்தேன்ல, அப்பச் சொல்லிப்புடணும்னு நெனச்சேன். டீய வச்சுட்டுப் போயிட்டேன்."

 நாகஜோதி மேசை அறையிலிருந்து ஒரு சிறிய வெள்ளைச் சீட்டை எடுத்து அக்கா முன்னால் வைத்தாள். அந்த வேலையில் ஒரு ஒழுங்கு உண்டாம். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, மறைக்கவும் கூடாது. தப்பு என்று தெரிந்தால் பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்ட வேண்டும். என்ன தப்பு, சொன்னவர் யார், என்ன தேதி என்று எழுத வேண்டும். இமயமலைச் செடி, இல்லை தனிச் செடி என்று அடித்துக்கொண்டவர்கள் எல்லாம் அப்படித்தான் ஒட்டி ஒட்டிப் போயிருக்கிறார்கள். நாலைந்து சீட்டு சேர்ந்த தாளை நானே பார்த்தேன். தாளில் தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும். வருகிறவர் இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா சீட்டை எடுத்துச் சேலை முந்தியில் முடிந்துகொண்டார். "இத ஒட்டுறதுக்கு முன்ன ஒரு ஆளப் பாக்கணும்" என்றார். என் பக்கம் திரும்பி, நாளைக்கு வண்டி சும்மா இருக்கிறதா என்று கேட்டார்.

தேனி போய், கடமலைக்குண்டு வழியாக வருசநாட்டுக்கு. முன் சீட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  கண்டமனூர் தாண்டியதும் ரோட்டைப் பார்த்தபடியே மிச்சத்தைச் சொன்னார்.

அந்தக் கொப்பைக் கண்டதும் பேராசிரியர் துள்ளிவிட்டார். வருசநாட்டு மலையில் ஊசிக்களா! துறைக்கு முழுக்க அல்வா வாங்கிக் கொடுத்தார். முதல் துண்டு அக்காவுக்கு, நன்றாக உலர்த்திக் கொடுத்ததற்காக. 'அல்வாத் துண்டக் கையில வச்சுக்கிட்டு எப்படித் தம்பி சொல்லுவேன்' என்று என்னைக் கேட்டார். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாராம். மறுநாள் பேராசிரியர் கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். அது அச்சில் வரப்போகிற நேரத்தில் அக்காவின் வேலை நிரந்தரமாயிற்று. சிபாரிசு எழுதியவரும் அவரே. ஒவ்வொரு நாளும் சொல்வது முந்தின நாளை விடக் கஷ்டமாகிக்கொண்டே போனது.

காட்டில் செடி காட்டுவதற்குப் பேராசிரியர் கூட்டிப்போகிற ஆள் சின்னக்கருப்பு. அடிவாரக் குடியிருப்புக்காரர். பள்ளிக்கூடம் பக்கம் போகாதவர். ஆனால் இலையைக் கசக்கி மோந்து பார்த்துவிட்டு அவர் சொன்ன பெயர் ஒன்றுகூடத் தப்பியதில்லை என்று பேராசிரியரே வகுப்பில் சொல்வாராம். மறு வருடம் மாசி மாதம், உயிர்ச் செடியைப் படம் பிடிக்க இருவரும் மாணவர்களோடு மேட்டுக்குப் போனார்கள். சின்னக்கருப்பு, 'இந்த மலையில அப்படி முள்ளு கிடையாது சாமி' என்றிருக்கிறார். அறையில் தாள் இருக்கிறது, எண் இருக்கிறது. நீ காட்டித்தானே வெட்டினோம், இடத்தை மறந்துவிட்டுப் பொய் சொல்கிறாயா என்று மாணவர்கள் பதினைந்து பேர் முன்னால் பேராசிரியர் கத்திவிட்டார். சின்னக்கருப்பு மறுபடியும் கிடையாது என்றார். அத்தோடு அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள்.

"அவுக சத்தம் போட்டத எங்கிட்ட வந்து சொன்னதும் சார்தேன். வயசாயிருச்சு, மறந்துட்டான்னு வருத்தப்பட்டாக. நான் ம்முன்னு கேட்டுக்கிட்டேன்" என்றார் அக்கா.

குடியிருப்பில் வண்டியை நிறுத்தியபோது எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முதல் தடவை எங்கள் படத்தைப் பார்க்காமல் உள்ளே போன அதே கிழவர். புளிய மரத்தடியில் உட்கார்ந்து மாட்டுக்குக் கழுத்துக்கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அக்காவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. காலேஜு செடி ரூம் ஆரோக்கியம் என்றதும், கயிற்றை மடியில் வைத்தார்.

அக்கா நின்றபடியே சொன்னார். திருவிழா, மழை, பூசணம், அடுப்பு, நம்பர் அட்டை, எதையும் விடவில்லை.  முடித்ததும் பெரியவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நான் மறக்கல."

"இல்லண்ணே."

"பொய்யும் சொல்லல."

"இல்லண்ணே. நாந்தேன்."

அவர் வீட்டுப் பக்கம் திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். "ஏத்தா மொக்கம்மா, இங்கன வா. இவுக சொல்றதக் கேட்டுக்க." மொக்கம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அக்கா முதலிலிருந்து சொன்னார். அடுத்து பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டார். அவரிடமும் சொன்னார். மாட்டை அவிழ்க்கப் போய்க்கொண்டிருந்த ஒருவரை நிறுத்தி வைத்து, அவரிடமும் சொல்லச் சொன்னார். நாலு தடவை. ஒவ்வொரு தடவையும் அக்கா ஒரு வரி குறைக்காமல் சொன்னார்.  மூன்றாவது தடவையில் நிறுத்தச் சொல்லலாம் என்று நான் எழுந்தேன். பெரியவர் கண்ணைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதில் பழிவாங்கல் இல்லை. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறவர் மாதிரி இருந்தார்.

எல்லாரும் போன பிறகு, "சார் இருக்காகளா?" என்று கேட்டார்.

"தவறி நாலு வருசம் ஆச்சுண்ணே."

கயிற்றை எடுத்தார். இரண்டு முறுக்குத் திரித்தார். "அவுக இருக்கையில சொல்லிருக்கலாம்ல ஆத்தா."



மொக்கம்மாள் கடுங்காப்பி கொண்டுவந்தாள். குடித்துக்கொண்டிருந்தபோது அவள்தான் சொன்னாள்: தான் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்ததிலிருந்து மாமா ஒரு செடிக்கும் பெயர் சொன்னதில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கேட்டார்கள் என்று இலையைக் கொண்டுவந்து காட்டினால் 'எனக்குத் தெரியாது' என்பார். சுற்று வட்டாரத்தில் மருந்துக்கு வேர் கேட்டு வந்தவர்களையும் அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாம் என்று, வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டி, இது என்ன பெரியவரே என்று கேட்டேன். பார்த்தார். உதடு அசைந்தது, பெயர் வந்துவிடும் போல இருந்தது. பிறகு கயிற்றுக்குத் திரும்பிவிட்டார்.

"யாருக்குத் தெரியும்" என்றார்.

திரும்பி வரும் வழியில் அக்கா அழவில்லை. கடமலைக்குண்டில் டீக்கு நிறுத்தினேன். வேண்டாம் என்று தலையாட்டினார். கண்ணாடி வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். முப்பது வருடம் அறைக்குள் கட்டுப் பிரித்தவர், கரடிக்கூடு மேட்டை அன்றைக்குத்தான் முதல் முதலாகக் கண்ணால் பார்த்தாராம். அடிவாரத்திலிருந்து, மேகத்துக்குள் பாதி தெரிந்த அளவுக்கு.

மறுநாள் காலை நாகஜோதி அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாள். பழைய கொப்பு நன்றாகத்தான் இருந்தது. முள் உதிரவில்லை, ஒடிந்த முனையில் மஞ்சள்கூட மாறவில்லை. அவள் தன் படத்திலிருந்து ஒற்றைப் புள்ளியை முந்தின இரவே அழித்துவிட்டிருந்தாள். வனத்துறைக்கான பத்தியையும் எடுத்துவிட்டாளாம். சீட்டில் அக்கா பெயரும் இன்றைய தேதியும் எழுதினால் போதும், முழுக் கதையும் வேண்டியதில்லை, ஓய்வு பெறுகிற நேரத்தில் துறையில் யாரும் கேள்வி கேட்க வேண்டாம் என்று தணிவாகச் சொன்னாள்.

அக்கா முந்தி முடிச்சை அவிழ்த்துச் சீட்டை எடுத்தார். கசங்கியிருந்தது. மேசை விளிம்பில் வைத்து நீவினார். மைப் பேனாவைத் திறந்து, முப்பது வருடம் மற்றவர்களுக்காக எழுதிய அதே முத்து எழுத்தில், தமிழில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'கொடைக்கானலில் எடுத்த கொப்பு. கரடிக்கூடு மேட்டில் இந்தச் செடி இல்லை. எண்ணை மாற்றிக் கட்டியது: ம. ஆரோக்கியம்மாள், ஐப்பசி 1996. இல்லை என்று சொன்னவர்:' என்று எழுதி, பேனா முனையைத் தாளிலிருந்து தூக்கினார். பிறகு 'சின்னக்கருப்பு, மாசி 1997' என்று முடித்தார்.

இன்றைய தேதி விட்டுப்போச்சே என்று நாகஜோதி சொன்னாள்.

அக்கா பின்பக்கம் பசையைத் தடவி, பேராசிரியரின் சீட்டில் ஒரு எழுத்துகூட மறையாமல் பக்கத்தில் வைத்தார். அந்த மேடு தட்டிய கட்டைவிரல் நகத்தைச் சின்னக்கருப்பு என்கிற பெயருக்கு மேலே வைத்து அழுத்தினார். பசை பிடித்த பிறகும் எடுக்கவில்லை.